ஆணி பூட்ஸில், வலி எங்கே?

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் குதித்து இறங்கியபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்றின் மேல் கால் பதிந்துவிட்டது. பூட்ஸின் அடியில் ஏறிய ஆணி மேல்பக்கமாக வெளியே வந்து நின்றது. அதை லேசாக அசைத்தாலே மனிதர் துடித்தார். ஃபென்டனில் போன்ற பலமான மருந்து கொடுத்து அவரை அமைதிப்படுத்திய பிறகுதான் ஆணியை உருவ முடிந்தது. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், இத்தாலிப் போர்முனையில் படுகாயமடைந்து வந்த 215 வீரர்களிடம் அவர்களுடைய வலியைப் பற்றிக் கேட்டுக் குறித்துவைத்தார். எலும்பு நொறுங்கியவர்கள், வயிற்றிலும் நெஞ்சிலும் காயம்பட்டவர்கள். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால், ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதிர்ச்சியில் உடம்பே மரத்துப்போய்விட்டது என்று சொல்லவும் வழியில்லை. காயம் வலிக்கவில்லை என்ற அதே ஆள், ஊசி போடுபவர் நரம்பு கிடைக்காமல் தடுமாறினால் பலமாக எதிர்ப்புத் தெரிவித்தார். (ஊசி போடும்போது நாம் ‘நரம்பு’ என்று சொல்வது உண்மையில் ரத்தக் குழாயை. இனி இந்தக் கட்டுரையில் வரும் நரம்பு வேறு.) போர்க்களத்தில் நிற்கும் ஒருவனுக்குக் காயம் என்றால் ஆபத்து முடிந்தது, உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம், அந்த அர்த்தம்தான் வலியைக் குறைத்தது என்பது பீச்சரின் விளக்கம்.

காயம் வேறு, வலி வேறு. காயம்பட்ட இடத்திலிருந்து கிளம்புவது ஒரு செய்தி, அவ்வளவுதான். அதை வலியாக ஆக்கலாமா, எவ்வளவு வலியாக ஆக்குவது என்பதெல்லாம் வழியிலும் மூளையிலும் முடிவாகிறது. இது புரியாததால்தான் எத்தனையோ பேர், “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே, எல்லாம் உங்க மனசுதான்” என்ற பேச்சைக் கேட்டுக் கூனிக்குறுகிப் போகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆறவே ஆறாது. அது ஏன் தவறு என்று சொல்ல வேண்டுமானால், கால்விரலில் தொடங்கி மூளை வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

இருட்டில் நடக்கிறீர்கள். சுண்டுவிரல் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறது. இடித்தது முதலில் தெரிகிறது. உடனே ‘சுருக்’கென்று ஒரு குத்தல். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், வரப்போவது என்ன என்று உங்களுக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். பிறகு வந்து சேர்கிறது, ‘விண் விண்’ணென்று காந்திக்கொண்டே நெடுநேரம் நிற்கும் அந்த வலி.

ஒரே இடிக்கு இரண்டு வலி ஏன்? செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகளில் இரண்டு வகை இருக்கின்றன. ஏ-டெல்டா என்ற இழைகளுக்கு மேலே மெல்லிய கொழுப்பு உறை உண்டு; அவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்தும். ‘சுருக்’ அவற்றின் வேலை. சி இழைகள் உறை இல்லாத, மிக மெல்லிய இழைகள். விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான் அவற்றின் வேகம். நாம் நடக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். கால்விரலில் இருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். வேகமான செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது. மெதுவான செய்திக்கு ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகிறது. அந்த நேர வித்தியாசம்தான் உங்களுக்கு இடைவெளியாகத் தெரிகிறது. தொடு உணர்வைக் கடத்தும் இழைகள் இவை இரண்டையும்விடத் தடித்தவை, வேகமானவை. அதனால்தான் இடித்தது முதலில் தெரிகிறது.

தமிழில் வலிக்கு எத்தனை சொல்! சுருக், சுள், குத்தல், கடுப்பு, குடைச்சல், காந்தல், எரிச்சல், உளைச்சல், தெறிப்பு. இவற்றை நல்ல மருத்துவர்கள் கவனமாகக் கேட்பார்கள். கரண்ட் அடித்த மாதிரி தெறிக்கிறது, எறும்பு ஊர்கிற மாதிரி எரிகிறது என்று ஒருவர் சொன்னால், தசையை விட்டுவிட்டு நரம்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

இந்த இழைகளின் நுனிக்கு வருவோம். வலிக்கென்று தோலில் தனி உறுப்பு எதுவும் கிடையாது. சல்லிவேர் மாதிரி கிளைத்துப் பரவிய வெறும் நரம்பு நுனிகள்தான். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தீங்கை உணர்பவை என்ற பொருளில் இவற்றைப் பற்றிப் பேசினார். நோசிசெப்டர் என்ற பெயர் அப்படி வந்தது. வலியை உணர்பவை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நுனிக்குத் தெரிந்தது தீங்கு மட்டும்தான்: அதிகச் சூடு, அதிக அழுத்தம், அமிலம், சிதைந்த செல்களிலிருந்து கசியும் ரசாயனம்.

அதிகச் சூடு என்று ஒரு நரம்பு நுனிக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை மிளகாயில் இருந்து கிடைத்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று டேவிட் ஜூலியஸின் குழு தேடி, 1997-இல் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு குட்டிக் கதவு அது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறினால் திறக்கும். மின்னேற்றமுள்ள அயனிகள் உள்ளே பாயும். நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். கேப்சைசின் பட்டாலும் அதே கதவு திறக்கிறது. காரம் தின்றவர் “வாய் எரியுது” என்று சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை என்றாகிறது. மூளைக்குப் போகும் செய்தி, சூடு பட்டால் போகும் அதே செய்திதான். புதினாவின் மென்தால் குளிர்ச்சியை உணரும் வேறொரு கதவைத் திறக்கிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் கதவுகளைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் படாபூட்டியன். இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதவுகள் என்றைக்கும் ஒரே அளவில் திறப்பவை அல்ல. வெயிலில் நன்றாகக் கன்றிப்போன தோளில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் கொதிநீர் பட்ட மாதிரி எரியும். தண்ணீரின் சூடு மாறவில்லை. கன்றிய தோலில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற ரசாயனங்கள் கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகின்றன. உடம்புச் சூட்டுக்கே அது திறக்கப் பார்க்கிறது. அடிபட்ட இடத்தை ஆறும்வரை தொடவிடாமல் பாதுகாக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆஸ்பிரின் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அந்த மாத்திரை விற்பனைக்கு வந்தது 1899-இல். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே எழுபது வருடம் எல்லோரும் விழுங்கியிருக்கிறார்கள்.

நுனியில் கிளம்பிய துடிப்பு இழை நெடுகப் போக வேண்டுமானால் சோடியம் அயனிகளுக்கான கதவுகள் வரிசையாகத் திறக்க வேண்டும். அவற்றில் நேவ் 1.7 என்று ஒன்று உண்டு. அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், எரியும் தணல் மேல் நடப்பான். அவனுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, 14-ஆவது பிறந்த நாளன்று, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் அதே குறையுள்ள ஆறு குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். தொட்டால் தெரிகிறது, சூடும் குளிரும் தெரிகிறது, கிச்சுக்கிச்சு மூட்டினால்கூடத் தெரிகிறது. வலி மட்டும் இல்லை. எல்லோருடைய உதட்டிலோ நாக்கிலோ கடித்த காயம். இரண்டு பேருக்கு நாக்கின் நுனியே போயிருந்தது. நேவ் 1.7 கதவைக் கட்டும் மரபணுவில் பிழை. வலியே இல்லாத வாழ்க்கை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்கிறேன்.

பல் டாக்டர் போடும் மரத்துப்போகிற ஊசியும் சோடியம் கதவுகளைத்தான் அடைக்கிறது. ஆனால் வகை பார்க்காமல் எல்லாவற்றையும் அடைப்பதால் வலியோடு சேர்ந்து தொடு உணர்வும் போய், உதடு தடித்துத் தொங்குவதுபோல் இருக்கிறது. வலி நரம்புகளில் அதிகம் இருக்கும் நேவ் 1.8 கதவை மட்டும் குறிவைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் அனுமதி கொடுத்தது.

இனி தண்டுவடம். மூளைக்குப் போகும் வயர்க் கட்டு என்று மட்டும் அதை நினைத்தால் ஏமாந்துபோவோம். முள்ளில் கால் வைத்தால் காலைத் தூக்கச் சொல்வது தண்டுவடம்தான். மற்ற கால் விறைத்து உடம்பைத் தாங்க வேண்டும் என்ற கணக்கையும் அதுவே போட்டுவிடுகிறது. வலி என்று மூளை உணர்வதற்குள் கால் மேலே வந்துவிடும். அதைவிட முக்கியமான வேலையும் அங்கே நடக்கிறது. தோலிலிருந்து வந்த இழை தண்டுவடத்தின் பின்பக்கத்தில் முடிந்து, அடுத்த நரம்புச் செல்லுக்குச் செய்தியைக் கைமாற்றுகிறது. குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற ரசாயனங்கள் அதற்குத் தூது. இந்தக் கைமாற்றும் இடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அதைத் திறக்கலாம், மூடலாம் என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் சொன்னார்கள். தொடு உணர்வு இழைகளிலிருந்து வரும் செய்தி, நடுவில் இருக்கும் சிறு நரம்புச் செல்களைத் தூண்டி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்பது அவர்களுடைய கருத்து. அவர்கள் வரைந்த படத்தில் பல நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. அடிப்படை நின்றுவிட்டது. இடித்துக்கொண்ட விரலை யாரும் சொல்லித்தராமலே தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தேய்ப்பு வாயிலை ஒருக்களித்து மூடும் வேலை. டென்ஸ் என்று பிசியோதெரபியில் தோலில் ஒட்டி லேசாகக் கரண்ட் விடும் கருவி இருக்கிறது; அது பிறந்ததும் இந்தக் கருத்திலிருந்துதான்.

அதே இடத்தில் குழப்பங்களும் நடக்கும். இதயத்திலிருந்து வரும் இழைகளும் இடது கையின் உட்புறத்திலிருந்து வரும் இழைகளும் தண்டுவடத்தில் ஒரே செல்களில் வந்து சேர்கின்றன. கையிலிருந்து செய்தி வருவதுதான் மூளைக்குப் பழக்கம். அதனால் மாரடைப்பில் சிக்கியவருக்குக் கை வலிக்கிறது, தாடை இழுக்கிறது. கையைப் பிடித்துவிட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து நேரத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

தண்டுவடத்தில் செய்தி மறுபக்கம் தாண்டி, மேலேறி, மூளையின் நடுவில் உள்ள தலாமஸை அடைகிறது. அங்கிருந்து ஒரே இடத்துக்குப் போகாமல் பல இடங்களுக்குப் பிரிகிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு என்று கணக்கிடும், மூளையின் மேலடுக்கான புறணியில் உள்ள பகுதி ஒன்று. இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற பகுதிகள் வேறு. வலியின் வேதனை, அதாவது ‘இது வேண்டாம், நிறுத்து’ என்ற தவிப்பு, பெரும்பாலும் இவற்றைச் சார்ந்தது. வலி மையம் என்று மூளையில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட முடியாது. இன்சுலா பகுதியில் பாதிப்பு ஏற்பட்ட அபூர்வமான சிலருக்கு ஊசியால் குத்தினால் வலி தெரியும், “வலிக்கிறது” என்றும் சொல்வார்கள், ஆனால் அது அவர்களைப் பாதிக்காது. சிலர் சிரிக்கவும் செய்வார்கள். வலி வேறு, வேதனை வேறு என்று பிரிந்து நிற்பதை அவர்களிடம் பார்க்கலாம். நம்மைப் போன்ற மற்றவர்களுக்கு இரண்டும் ஒட்டியே பிறக்கின்றன. கால் உளைச்சல், மன உளைச்சல் இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது மேலே ஏறும் பாதை. கீழே இறங்கும் பாதை ஒன்றும் இருக்கிறது, பீச்சரின் வீரர்களுக்கு நடந்ததை அதுதான் விளக்குகிறது. 1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், எலியின் நடுமூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, மயக்க மருந்து இல்லாமல் அதன் வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது என்று எழுதினார். நடுமூளையின் அந்தச் சாம்பல் திசுவிலிருந்து கிளம்பும் கட்டளை தண்டுவடம் வரை இறங்கி, அங்கே வாயிலை மூடிவிடுகிறது. அதற்குப் பயன்படும் ரசாயனங்களையும் கண்டுபிடித்தார்கள். மார்ஃபின் போய் ஒட்டும் இடங்கள் மூளையில் இருப்பது 1973-இல் தெரிந்தது. அபினிச் செடியின் சரக்குக்கு நம் மூளையில் எதற்கு இடம்? உடம்பே அதுபோன்ற ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்று தேடிய ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் 1975-இல் என்கெஃபலினைக் கண்டார்கள். எண்டார்ஃபின் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1978-இல் நடந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வெறும் உப்புநீர் போன்ற, மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். நம்பிக்கையினாலேயே சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நாலோக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குறைந்த வலி திரும்ப வந்தது. அப்படியென்றால் அந்த நம்பிக்கை மூளைக்குள் உண்மையான ஒரு ரசாயனத்தைச் சுரக்கச் செய்திருக்கிறது. அது தன் வழியில் போய் வாயிலை மூடியிருக்கிறது. “மனசுதான்” என்பதை ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் சொல்பவர்களுக்கு இந்த ஒரு ஆய்வு போதும்.

வாயிலை மூடும் பாதைக்கு அதைத் திறக்கவும் தெரியும். பயம், தூக்கமின்மை, என்ன ஆகுமோ என்ற கவலை எல்லாம் அதைத் திறந்துவிடும். பூட்ஸில் ஏறிய ஆணியைக் கண்ணால் பார்த்த அந்தத் தொழிலாளிக்குக் கால் கிழிந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. கிடைத்த தகவலை வைத்து மூளை எடுத்த முடிவு அது. அவர் நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே வலித்தது.

நாட்பட்ட வலியில் நடப்பது இன்னும் கொடுமை. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் தண்டுவடச் செல்களே மாறிப்போகின்றன என்று கிளிஃபர்ட் உல்ஃப் 1983-இல் காட்டினார். சின்னச் செய்திக்குப் பெரிதாகத் துடிக்கின்றன. பக்கத்து இடங்களின் செய்தியையும் சேர்த்துக்கொள்கின்றன. கடைசியில் சட்டைத் துணி உரசினால்கூட வலி. அக்கி வந்து ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த இடத்தில் காற்றுப் படக்கூடாமல் தவிப்பவர்களுக்குக் கொப்புளம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. பலத்த காற்றுக்கெல்லாம் கத்தும் திருட்டு அலாரம் மாதிரி. அலாரம் கத்துவது பொய்யில்லை. திருடன்தான் இல்லை.

முதுகுவலிக்காரர்கள் கையில் ஸ்கேன் படத்தோடு அலைவதைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் இருக்கலாம்; படம் சுத்தமாக இருந்தும் வலி உயிரை எடுக்கலாம். படத்தில் வலி தெரியாது. அதனால்தான், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதித்து ஏற்க வேண்டும் என்று வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்பிலேயே எழுதிவைத்தது. பேச முடியாதவருக்கும் வலி உண்டு என்ற வரியும் அதில் இருக்கிறது. 1980-கள் வரைக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, போதுமான வலி மருந்து இல்லாமலே அறுவை செய்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு படும் பாடும் பிறகு வரும் சிக்கல்களும் குறைகின்றன என்று ஆனந்த் என்ற மருத்துவரின் குழு 1987-இல் காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கற்றுக்கொண்ட நரம்பு மண்டலம் மறக்கவும் கற்கும் என்பதுதான் இப்போதைய வலி சிகிச்சையின் பெரிய நம்பிக்கை. கையை இழந்த பிறகும் அந்தக் கை இருப்பதாக உணர்பவர்கள் பலர். அதில் வலியும் இருக்கும். இல்லாத முஷ்டி இறுகி, இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையைக் குத்துவதாகச் சொல்வார்கள். 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவில் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை ஒருபக்கம் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன கையின் இடத்தில் இருக்கும். முஷ்டியை மெதுவாகத் திறக்கச் சொன்னார். எல்லோருக்கும் பலிக்கவில்லை. சிலருக்கு மட்டும், இறுகிக் கிடந்த அந்த இல்லாத விரல்கள் பிம்பத்தோடு சேர்ந்து விரிந்தன. குத்தலும் அதோடு நின்றது.